பெரியம்மாவின் மறதியும் மூளைச் செல்லின் குப்பைக் கணக்கும்

பெரியம்மாவுக்கு வந்திருப்பது அல்சைமர் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில், பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் கொண்டுவந்தார்கள். எழுபத்தெட்டு வயதில் மறதி வராமல் என்ன செய்யும் என்றார் எதிர்வீட்டுக்காரர். வல்லாரைக் கீரையைத் துவையல் அரைத்துக் கொடுங்கள் என்றார் ஓர் அத்தை. மூளையில் அமிலாய்டு என்று ஏதோ புரதம் படிந்துவிடுகிறதாம், அதைக் கரைக்க அமெரிக்காவில் மருந்தே வந்துவிட்டதாம் என்று கைப்பேசியைப் பார்த்துப் படித்தான் தம்பி.

மூவரில் உண்மைக்குப் பக்கத்தில் நின்றவன் தம்பிதான். ஆனால் அவன் படித்தது பாதிக் கதை. புரதம் படிவது மட்டுமே நோய் என்றால், படிந்தவர்கள் எல்லோருக்கும் நினைவு கலங்கியிருக்க வேண்டும். கடைசிவரை வரவு செலவைத் தாமே பார்த்துக்கொண்டு, தெளிவாகப் பேசியபடி இறந்துபோன முதியவர்கள் பலருடைய மூளையைப் பின்னர் ஆராய்ந்தபோது அதே படிவுகள் நிறையவே இருந்திருக்கின்றன. அப்படியானால் அவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? மீதிப் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

## காய்ச்சலும் டைபாய்டும்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டிமென்ஷியா என்பது காய்ச்சல் மாதிரி. அல்சைமர் என்பது டைபாய்டு மாதிரி. காய்ச்சல் ஒரு நிலை. அதற்கு டைபாய்டும் காரணமாகலாம், டெங்குவும் காரணமாகலாம். அதுபோல, நினைவும் பேச்சும் முடிவெடுக்கும் திறனும் குலைந்து, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடியாத நிலைதான் டிமென்ஷியா. மூளை இரத்தக் குழாய்களின் அடைப்பால் அது வரலாம், வேறு சில மூளை நோய்களாலும் வரலாம். பி12 வைட்டமின் குறைபாடும் தைராய்டு கோளாறும்கூடச் சில சமயம் அதுபோலத் தோற்றம் காட்டும். அவற்றுக்கு மருந்து உண்டு என்பதால்தான் மருத்துவர்கள் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதத்தினருக்கு அல்சைமர் காரணமாக இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வயதின் மறதிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டு, பொங்கும் வாசனை வந்ததும் ஓடிப்போய் அணைப்பது சாதாரண மறதி. பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் பெரியம்மா நின்றார். அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

## பிராங்க்பர்ட்டில் ஒரு நோயாளி

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். அவர் பெயர் அகுஸ்தே டேட்டர். அவரைப் பரிசோதித்தவர் அலோய்ஸ் அல்சைமர். பெயர் என்ன என்று கேட்டால் அகுஸ்தே என்றார். குடும்பப் பெயர் கேட்டாலும் அகுஸ்தே. கணவர் பெயர் கேட்டாலும் அகுஸ்தேதான். மதியம் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது கீரை என்றார். அல்சைமர் இவை எல்லாவற்றையும் எழுதி வைத்தார்.

1906-இல் அந்தப் பெண் இறந்தபோது அல்சைமர் மியூனிக்கில் இருந்தார். மூளையை அங்கே வரவழைத்து, மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்பு கலந்த சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டு விநோதங்கள் தெரிந்தன. செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகள். செல்களுக்கு உள்ளே சிக்குப் பிடித்த நூல்கண்டு போன்ற இழைகள். அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் கூட்டத்தில் இதை விவரித்தார். கேட்டவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1910-இல் அவருடைய மேலாளரான எமில் கிரெப்பலின் தமது பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் சூட்டினார்.

வெளியே திட்டு, உள்ளே சிக்கு. இனி வருவதெல்லாம் இந்த இரண்டும் எப்படி உண்டாகின்றன, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதுதான்.

## இடித்துக் கட்ட முடியாத வீடு

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. தோல் செல் உதிர்ந்தால் புதிது வருகிறது. நரம்புச் செல்லுக்குப் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. பிறக்கும்போது இருந்ததே எண்பது வயதிலும் வேலை பார்த்தாக வேண்டும். இடித்துக் கட்ட முடியாத பழைய வீட்டைப் போல, குடியிருந்துகொண்டேதான் பழுது பார்க்க வேண்டும், குப்பையையும் அள்ள வேண்டும்.

அதுவும் லேசான வீடல்ல. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நரம்புச் செல்லும் ஆயிரக்கணக்கான இடங்களில் மற்றச் செல்களைத் தொட்டும் தொடாமலும் நின்று செய்தி பரிமாறுகிறது. அப்படி இரண்டு செல்கள் சந்திக்கும் நுண்ணிய இடத்துக்குச் சைனாப்ஸ் என்று பெயர். நினைவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தச் சைனாப்ஸ்கள் வலுப்பதும் தளர்வதும்தான். அல்சைமரில் செல் சாவதற்கு வெகு முன்பே சைனாப்ஸ்கள் உதிரத் தொடங்கிவிடுகின்றன. ஆள் வீட்டில் இருக்கிறார், தொலைபேசி இணைப்புதான் போய்விட்டது.

## தப்பாக விழும் கத்தரி

இப்போது வெளியே உள்ள திட்டுக்கு வருவோம். நரம்புச் செல்லின் சுவரில் நீளமான ஒரு புரதம் செருகப்பட்டிருக்கிறது. துணியில் ஊசி குத்தி நின்ற நிலையில், ஒரு முனை வெளியே, ஒரு முனை உள்ளே. அமிலாய்டு முன்னோடிப் புரதம் என்று பெயர். வேலை முடிந்ததும் செல் இதைத் துண்டு போடுகிறது. துண்டு போடும் கத்தரிகளை நொதிகள் என்கிறோம்.

பெரும்பாலும் கத்தரி நல்ல இடத்தில் விழுகிறது. அப்போது தொல்லையில்லாத துண்டுகள் கிடைக்கின்றன. சில சமயம் பீட்டா என்ற நொதி வேறோர் இடத்தில் வெட்ட, அடுத்துக் காமா என்ற நொதி சுவருக்கு உள்ளேயே வெட்டுகிறது. இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில் உருவப்படும் சின்னத் துண்டுதான் அமிலாய்டு பீட்டா. காமா நொதி துல்லியமான தையல்காரர் அல்ல. புரதத்தின் அலகுகளை மணிகளாக வைத்துக்கொண்டால், அது விடும் துண்டு பெரும்பாலும் 40 மணி கோத்த சரமாக இருக்கும், சில நேரம் 42 மணி. அந்த இரண்டு மணிதான் வில்லங்கம். 42 மணிச் சரத்துக்குப் பிசுபிசுப்பு அதிகம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கல்கண்டு காய்ச்சுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். சர்க்கரைப் பாகு நெடுநேரம் சும்மா கிடக்கும். நூலில் முதல் படிகம் பிடித்துவிட்டால், அதன்மேல் அடுத்தடுத்துப் படிந்துகொண்டே போகும். முதலில் சில சரங்கள் சேர்ந்த குட்டிக் கொத்து, பிறகு இழை, கடைசியில் நுண்ணோக்கியில் தெரியும் திட்டு. சைனாப்ஸை அதிகம் தொல்லை செய்பவை, கண்ணில் படும் பெரிய திட்டுகளைவிட இந்தக் குட்டிக் கொத்துகளே என்பதற்குச் சான்றுகள் பல உள்ளன. திட்டை மட்டும் எண்ணி நோயை அளப்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

அமிலாய்டு மேல் சந்தேகம் விழுந்ததற்கு மரபணுச் சான்றுகள் வலுவானவை. இந்த முன்னோடிப் புரதத்துக்கான மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று இருக்கும். நாற்பது வயதுக்குள் ஏறத்தாழ எல்லோருடைய மூளையிலும் திட்டுகள் வந்துவிடுகின்றன. முன்னோடிப் புரதத்திலோ காமா கத்தரியிலோ மரபணுக் கோளாறு உள்ள சில குடும்பங்களில், நாற்பது ஐம்பது வயதிலேயே நோய் தலைமுறை தலைமுறையாக வருகிறது. மாறாக, ஐஸ்லாந்தில் சிலருக்குப் பீட்டா கத்தரி சரியாக வெட்ட முடியாதபடி ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி அவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு வெகு குறைவு.

இதுவரை சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: ஒரு சாதாரணப் புரதம் தப்பாக வெட்டுப்படுகிறது, வெட்டிய துண்டு ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியது சேர்கிறது.

## துப்புரவுப் பிரிவு

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அமிலாய்டு பீட்டா உங்கள் மூளையிலும் இந்த நிமிடம் உருவாகிக்கொண்டிருக்கிறது, என் மூளையிலும்தான். இது விஷக் கிருமியல்ல. வீட்டில் தினமும் சேரும் குப்பை. ஏரியில் வரத்து மாறாமல் இருந்தாலும், வெளியேற்றும் மடை தூர்ந்துபோனால் தண்ணீர் மட்டம் ஏறத்தானே செய்யும்? முதுமையில் வரும் அல்சைமரில் பெரும்பான்மைக்கு இந்த மடைக் கோளாறுதான் காரணம் என்று தோன்றுகிறது. நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே மேலே சொன்ன குடும்பவழிக் கோளாறு உண்டு.

மடையைப் பராமரிப்பவர்கள் யார்? முதலாவது மைக்ரோக்ளியா. மூளைக்குள் ரோந்து சுற்றும் காவல் செல்கள் இவை. குப்பையைக் கண்டால் விழுங்கிச் செரித்துவிடும். திட்டு சிறிதாக இருக்கும்போது அதைச் சூழ்ந்து வேலி கட்டிக்கொண்டு, அக்கம்பக்கச் செல்களைக் காப்பாற்றும். ஆனால் பல ஆண்டுகள் ஓயாமல் இந்த வேலையே என்றால் அவையும் சலித்துப்போகின்றன. விழுங்குவது குறைகிறது, அழற்சி உண்டாக்கும் வேதிப்பொருள்களைக் கக்குவது கூடுகிறது. போதாக்குறைக்கு, வேண்டாத சைனாப்ஸ்களைக் களையெடுப்பதும் இவற்றின் இயல்பான வேலைதான். சூடேறிய நிலையில் நல்ல பயிரையும் பிடுங்கிப் போட்டுவிடுகின்றன. 2013-இல் ட்ரெம்2 என்ற மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்கள் அல்சைமர் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று கண்டறிந்தார்கள். மூளையில் அந்த மரபணு வேலை செய்வது முக்கியமாக மைக்ரோக்ளியாவில். காவலரே கதையின் நடுவில் நிற்கிறார் என்பது அதன்பின் உறுதிப்பட்டது.

இரண்டாவது அபோ-ஈ என்ற புரதம். மூளைக்குள் கொழுப்பைச் சுமந்து செல்லும் கூலிக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்; அமிலாய்டை வெளியேற்றுவதிலும் கை கொடுக்கிறது. இதில் 2, 3, 4 என்று மூன்று வகை உண்டு. தாய் தந்தையிடமிருந்து ஆளுக்கொன்றாக நாம் இரண்டு பிரதிகள் பெறுகிறோம். நான்காம் வகை இந்த வேலையில் மந்தம். அது ஒன்று இருந்தால் ஆபத்து சில மடங்கு, இரண்டு இருந்தால் அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் இது தலையெழுத்தல்ல. நான்காம் வகையோடு நோயின்றி வாழ்ந்து முடித்தவர்கள் ஏராளம், அது இல்லாமலே நோய் வந்தவர்களும் ஏராளம்.

மூன்றாவது, தூக்கம். விழித்திருக்கும்போது மூளைத் திரவத்தில் அமிலாய்டு அளவு ஏறுகிறது, தூங்கும்போது இறங்குகிறது. ஒரே ஓர் இரவு தூக்கம் கெட்டாலும் அது ஏறுவதை மனிதர்களிடமே அளந்திருக்கிறார்கள்.

## தண்டவாளமும் கட்டைகளும்

வெளியே திட்டு சேரத் தொடங்கிப் பதினைந்து இருபது ஆண்டுகள் வரை ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். பெரியம்மா பொங்கும் பாலைப் பார்த்து நின்றது 77 வயதில் என்றால், அறுபதை எட்டும்போதே, பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற காலத்திலேயே இது தொடங்கியிருக்கலாம். பிறகு என்ன மாறியது? இங்கேதான் அல்சைமர் பார்த்த இரண்டாவது பொருள், உள்ளே உள்ள சிக்கு, முன்னுக்கு வருகிறது.

நரம்புச் செல்லின் உடல் ஓரிடத்தில் இருக்க, அதன் கை வெகு தூரம் நீண்டு போகிறது. கைநுனிச் சைனாப்ஸுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் உடலிலிருந்தே போக வேண்டும். அதற்காகக் கைக்குள் நுண்குழல்கள் ஓடுகின்றன, இவைதான் தண்டவாளம். தண்டவாளம் நகராமல் கட்டைகள் பிடித்திருப்பதுபோல, நுண்குழல்களை நிலையாகப் பிடித்திருக்கும் புரதங்களில் ஒன்று டௌ.

டௌ மீது பாஸ்பேட் என்ற வேதித் துணுக்குகளை ஒட்டுவதும் எடுப்பதும் செல்லின் வழக்கமான வேலை. ஒட்டினால் பிடி தளரும், எடுத்தால் இறுகும். அல்சைமரில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டப்படுகிறது. கட்டைகள் தண்டவாளத்தை விட்டுக் கழன்று, தமக்குள்ளேயே பின்னிக்கொண்டு சிக்காகின்றன. சரக்கு நின்றுபோகிறது. சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கைநுனிக்குப் போய்ச் சேர்வதில்லை. நுனி பட்டினி கிடந்து சைனாப்ஸ் வாடுகிறது. பின் செல்லே சாகிறது.

கெட்டுப்போன டௌ தன் வீட்டோடு நிற்பதுமில்லை. ஒரு கரண்டி உறைமோர் பால் முழுவதையும் தயிராக்குவதுபோல, பக்கத்துச் செல்லுக்குள் நுழைந்து அங்குள்ள நல்ல டௌவையும் தன் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. (உறைமோரில் வேலை செய்வது உயிருள்ள பாக்டீரியா, இங்கே உயிரற்ற புரதத்தின் வடிவமே தொற்றுகிறது. உவமையை அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளவும்.) இந்தப் பரவலுக்கு ஒரு வழித்தடம் உண்டு. 1991-இல் ஹைக்கோ பிராக், எவா பிராக் இருவரும் மூளைகளை வரிசைப்படுத்தி அந்தத் தடத்தை வரைந்தார்கள். காதுக்கு உட்புறமாக, மூளையின் அடிப்பக்கத்தில் தொடங்கி, ஹிப்போகேம்பஸ் வழியாக, பிறகு மேற்புற மூளைக்கு. ஹிப்போகேம்பஸ் என்பது புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் எழுத்தர்.

காலையில் இட்லி சாப்பிட்டதை ஒன்பது மணிக்கே மறந்துவிடும் பெரியம்மா, பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொல்வது இதனால்தான். வாய்ப்பாடு எழுபது ஆண்டுகளுக்கு முன் மேற்புற மூளையில் ஊன்றிய பாடம். இட்லியைப் பதிய வேண்டிய எழுத்தர்தான் முதலில் விழுந்துவிட்டார். வேண்டியதை மட்டும் நினைவு வைத்திருக்கிறார் என்று எங்கள் வீட்டிலேயே அவரைக் குறை சொல்லியிருக்கிறோம்.

நோயின் கடுமை எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால், திட்டுகளின் அளவைவிட டௌ பரவிய தூரத்தோடுதான் நெருக்கமாக ஒத்துப்போகிறது. முதலில் கேட்ட கேள்விக்குப் பெரும்பாலான விடை இதுதான்: தெளிவோடு இறந்த அந்த முதியவர்களில் பலருக்கு, திட்டு இருந்தது, டௌ தன் தொடக்க இடத்தைத் தாண்டி அதிகம் பரவியிருக்கவில்லை.

## கொலம்பியாவில் தப்பிய பெண்

இதை ஒரே ஆளின் மூளையில் காட்ட முடியுமா? கொலம்பியாவின் அந்தியோக்கியா வட்டாரத்தில் ஒரு பெரிய உறவுக்கூட்டம் இருக்கிறது. காமா கத்தரியின் மரபணுக் கோளாறு அவர்களிடம் தலைமுறைகளாக வருகிறது. பிரான்சிஸ்கோ லோபெரா என்ற நரம்பியல் மருத்துவர் பல பத்தாண்டுகள் அவர்களோடு இருந்து ஆராய்ந்தார். கோளாறு உள்ளவர்களுக்கு நாற்பத்து நான்கு வயதை ஒட்டி நினைவு தடுமாறத் தொடங்கும். ஆனால் அந்தக் கோளாறோடு பிறந்த ஒரு பெண்மணிக்கு மட்டும் எழுபதுகளில்தான் தடுமாற்றம் தொடங்கியது. 2019-இல் அவருடைய கதை வெளியானது.

மூளையை ஸ்கேன் செய்தபோது அமிலாய்டு குறைவாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நேர்மாறு. அந்தக் குடும்பத்தில் இளவயதிலேயே நோய்ப்பட்டவர்களைவிடவும் அதிகமாக அப்பிக் கிடந்தது. டௌதான் மிகக் குறைவு. காரணமாகக் கருதப்படுவது, அவருடைய அபோ-ஈ மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் இருந்த ஓர் அரிய மாற்றம். கிறைஸ்ட்சர்ச் மாற்றம் என்று அதற்குப் பெயர். மழை கொட்டியும் வெள்ளம் வீட்டுக்குள் வரவில்லை. இந்த நோயைப் பற்றி ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இந்தப் பெண்மணியைத்தான் சொல்வேன்.

## மருந்து எங்கே தொடுகிறது

பெரியம்மா இப்போது சாப்பிடும் டோனெபெசில் மாத்திரை திட்டையும் தொடாது, சிக்கையும் தொடாது. செல்கள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் அசிட்டைல்கோலினும் ஒன்று. அதைச் சுரக்கும் செல்கள் அல்சைமரில் சீக்கிரம் அழிகின்றன. மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலின் விரைவில் சிதையாமல் மாத்திரை காக்கிறது. குரல் கம்மிப்போனவருக்கு மைக் வைத்துக் கொடுப்பது மாதிரி. கொஞ்ச காலம் உதவும், நோய் தன் வழியில் போகும்.

காமா கத்தரியையே நிறுத்திவிட்டால் என்ன என்று முயன்றவர்களுக்கு 2010-இல் பலத்த அடி. செமகாசெஸ்டாட் என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களின் நிலை, சாப்பிடாதவர்களைவிட மோசமானது. அந்தக் கத்தரி உடலில் வேறு பல புரதங்களையும் வெட்ட வேண்டியிருக்கிறது என்பதை மறந்ததற்கான விலை.

தம்பி படித்த மருந்து லெகனெமாப். 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முழு ஒப்புதல் தந்தது. நாளம் வழியே ஏற்றப்படும் இந்த மருந்து, அமிலாய்டைப் பிடித்துக்கொண்டு அதை அகற்றத் துணைசெய்கிறது. ஆரம்ப நிலை நோயாளிகள் 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்ததில் திட்டுகள் பெருமளவு அகன்றன. ஆனால் நோய் நிற்கவில்லை; சரிவு 27 சதவீதம் மெதுவானது. நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் இது அரைப் புள்ளிக்கும் சற்றுக் குறைவான வேறுபாடு. சிலருக்கு மூளையில் வீக்கமும் நுண்ணிய இரத்தக்கசிவும் வந்தன. அபோ-ஈ நான்காம் வகை இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். இதைப் பெரும் வெற்றி என்பவர்களும் உண்டு, நோயாளியின் வீட்டில் இந்த வேறுபாடு தெரியுமா என்று கேட்பவர்களும் உண்டு. நான் இரண்டாமவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். டௌ ஓடத் தொடங்கிய பிறகு அமிலாய்டை அள்ளுவது, பால் உறைந்த பிறகு உறைமோர்க் கரண்டியை எடுப்பது போலத்தான். அதனால் இப்போது அறிகுறி வருவதற்கு முன்பே மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் நடக்கின்றன.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா மகள், என் அக்கா, ஒரே கேள்விதான் கேட்டார்: எனக்கும் வருமா, இரத்தத்தில் பார்த்துச் சொல்கிறார்களாமே? சொல்கிறார்கள். பாஸ்பேட் ஒட்டிய டௌவின் ஒரு வகையையும் அமிலாய்டையும் இரத்தத்தில் அளந்து ஒப்பிடும் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, ஏற்கனவே நினைவுத் தடுமாற்றம் உள்ளவர்களுக்கானது. அக்காவுக்கு வயது 52. சென்ற வாரம் கொடுத்த கடனைக்கூட வட்டியோடு நினைவு வைத்திருக்கிறார். பெற்ற தாய்க்கு எழுபத்தேழில் வந்திருப்பது அவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை, வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். அக்காவுக்குக் காது மந்தமாகத் தொடங்கியிருப்பதையும், பி.பி. மாத்திரையை அவர் நினைத்தால் போடுவதும் நினைக்காவிட்டால் விடுவதுமாக இருப்பதையும் சொன்னேன். இரண்டுமே டிமென்ஷியா ஆபத்தைக் கூட்டும் காரணங்களின் பட்டியலில் இருக்கின்றன, இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. காது விஷயத்தை மட்டும் கேட்காதவர் போல் இருந்துவிட்டார்.